கணக்கில் வராத பிடி: மினியாபொலிஸ் சார்ஜென்ட்டும் ஒரு போன் அழைப்பும்

2020 மே 25, திங்கட்கிழமை. போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் விடுமுறை நாள். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், 911 என்ற அவசர உதவி எண்ணின் கட்டுப்பாட்டு அறையில் ஜெனா ஸ்கர்ரி என்ற பெண் பணியில் இருந்தார். எதிர்ச் சுவரில் பெரிய திரைகள். அதில் ஒன்றில் 38-வது தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கும் இடம் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ் காருக்குப் பக்கத்தில் தரையில் ஒருவரைச் சிலர் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். ஸ்கர்ரி பார்த்தார், வேறு அழைப்பு வந்தது, குனிந்தார். மறுபடி நிமிர்ந்து பார்த்தபோதும் அதே காட்சி. அப்புறம் ஒருமுறை பார்த்தார், அப்போதும் மாறவில்லை. திரைதான் உறைந்து நின்றுவிட்டதோ என்று பக்கத்தில் கேட்டதாகப் பின்னால் நீதிமன்றத்தில் சொன்னார். திரை சரியாகத்தான் இருந்தது.

உடனே அவர் அந்தப் பகுதியின் சார்ஜென்ட்டுக்குப் போன் போட்டார். பதிவாகியிருக்கும் அந்த உரையாடலின் சாரத்தை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: “போட்டுக் கொடுக்கிறவள்னு வேணும்னா சொல்லிக்கோங்க. கேமராவைப் பார்த்துட்டிருந்தோம். காரோட பின்சீட்டிலிருந்து யாரையோ வெளியே எடுத்து, எல்லாரும் அவர் மேல உட்கார்ந்திருக்காங்க. உங்களைக் கூப்பிட வேண்டிய விஷயமான்னு தெரியல, அவங்க எங்ககிட்ட ஒண்ணும் சொல்லல.” சார்ஜென்ட் டேவிட் ப்ளோகர் சொன்ன பதில்: “எங்கிட்டயும் சொல்லல. வெறும் கீழே சாய்ச்சுப் பிடிச்சதா இருக்கும், அது கணக்குல வராது. எதுக்கும் பார்த்துடறேன்.”

தரையில் கிடந்தவர் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர். அவர் மரணத்தைப் பற்றி உலகமே பேசித் தீர்த்துவிட்டது. டெரெக் ஷாவின் என்ற வெள்ளைக்காரப் போலீஸ்காரர் அவர் கழுத்தின் மேல் முட்டி போட்டு அழுத்திய 9 நிமிடம் 29 நொடி, நிறவெறி, ஊர்வலங்கள், தீக்கிரையான மூன்றாவது சரகக் காவல் நிலையம், எல்லாம் தெரிந்த கதை. இந்த ஆய்வில் நான் பார்க்க விரும்புவது “அது கணக்குல வராது” என்ற ஒரு வாக்கியத்தை மட்டும். அது ஒரு கெட்ட மனிதரின் வாக்கியம் இல்லை. விதி தெரிந்த, வேலை தெரிந்த, இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியில் இருந்த ஒருவர் இயல்பாகச் சொன்னது. அதுதான் என்னை உறுத்துகிறது.

முதலில் அந்தப் பதவியைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கப் போலீஸில் ‘ஆஃபீஸர்’ என்றால் கடைநிலை ரோந்துக்காரர். நம்மூர் கான்ஸ்டபிள் இடம், ஆனால் அதிகாரம் கூடுதல். அவருக்கு நேர் மேலே இருப்பவர் சார்ஜென்ட். நம்மூர் எஸ்.ஐ. மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், முழுக்கப் பொருந்தாது. ஒரு ஷிப்டில் ரோந்துக் கார்கள் எங்கே போகின்றன, யார் பலப்பிரயோகம் செய்தார், யார் தவறினார், எல்லாம் அவர் தலையில். கமிஷனர் அறையில் எழுதப்படும் கொள்கை தெருவைத் தொடும் கடைசிக் கண்ணி அவர்தான். அவருக்கு மேலே இருப்பவர்கள் பெரும்பாலும் காகிதத்தில்தான் தெருவைப் பார்க்கிறார்கள்.

அன்று இரவு நடந்ததை வரிசையாக வைத்துப் பார்ப்போம். 20 டாலர் கள்ள நோட்டு என்று ஒரு கடையிலிருந்து புகார். முதலில் போன காரில் இருவர்: தாமஸ் லேன், ஜே. அலெக்ஸாண்டர் குயெங். லேனுக்கு அது முழுநேர அதிகாரியாக நாலாவது நாள். குயெங்குக்கு மூன்றாவது ஷிப்ட். இரண்டு புதுசும் ஒரே காரில். பட்டியல் போடுகிற யாரோ ஒருவர் அதற்கு டிக் அடித்திருக்கிறார். சும்மா ஒரு கள்ள நோட்டுப் புகார்தானே என்று யாருக்கும் தோன்றியிருக்கும்.

சில நிமிடங்களில் இரண்டாவது கார் வருகிறது. அதில் ஷாவினும் டூ தாவும். ஷாவினுக்கு 19 ஆண்டு அனுபவம். பதவி என்று பார்த்தால் அவரும் அதே ஆஃபீஸர்தான், நட்சத்திரம் எதுவும் கூடுதல் இல்லை. ஆனால் அவர் கள பயிற்சி அதிகாரி. அகாடமி முடித்து வருகிறவர்களைக் காரில் பக்கத்தில் உட்கார வைத்து, தினமும் மதிப்பெண் போட்டு, தேறினாரா இல்லையா என்று எழுதுகிறவர். குயெங்கின் களப்பயிற்சியில் பெரும்பகுதி ஷாவினிடம்தான் நடந்தது. அதாவது அந்தத் தெருவில் குயெங் பார்த்தது சக ஊழியரை இல்லை, வாத்தியாரை.

லேன் கேட்டார், “பக்கவாட்டில திருப்பிப் படுக்க வைக்கலாமா?” வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றார் ஷாவின். கொஞ்ச நேரம் கழித்து லேன் மறுபடியும் கேட்டார். குயெங் நாடி பிடித்துப் பார்த்து, கிடைக்கவில்லை என்று சொன்னார். யாரும் நகரவில்லை. அடுத்தவர் வரம்பு மீறினால் தலையிட்டே ஆக வேண்டும் என்று 2016-லேயே மினியாபொலிஸ் போலீஸ் விதிப்புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். விதி இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவரோ நாலு நாள் சர்வீஸ் உள்ளவர், சொல்லப்பட வேண்டியவர் வாத்தியார்.

2022 பிப்ரவரியில் மத்திய நீதிமன்றத்தில் குயெங்கும் லேனும் தங்கள் தரப்பைச் சொன்னபோது இதுதான் அடிநாதம்: மூத்தவர் இருந்தார், அவர் பேச்சைக் கேட்டோம். அகாடமியில் “எஸ் சார்” சொல்லப் பழக்கியவர்கள், தெருவில் எதிர்த்துக் கேட்கவில்லையே என்று இப்போது கேட்பது என்ன நியாயம் என்று வக்கீல்களும் வாதாடினார்கள். ஜூரி ஏற்கவில்லை. மூவருக்கும் தண்டனை வந்தது: லேனுக்கு இரண்டரை ஆண்டு, குயெங்குக்கு மூன்று, தாவுக்கு மூன்றரை. சட்டப்படி சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் பயிற்சி கொடுக்கிறவர்கள் அந்த வாதத்தைச் சாக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. குற்றத்திலிருந்து தப்பிக்க அது போதாது. அந்தக் குற்றம் எப்படி விளைந்தது என்று புரிந்துகொள்ள அது தேவை.

சரி, சார்ஜென்ட் எங்கே? ஸ்கர்ரி கூப்பிட்ட பிறகு அவர் ஷாவினுக்குப் போன் போட்டார். அதற்குள் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. நானே கூப்பிடலாம் என்றிருந்தேன், ஓர் ஆளைக் கீழே பிடித்து வைக்க வேண்டியதாயிற்று, ரொம்ப முரண்டு பிடித்தார் என்றார் ஷாவின். அப்புறம் அவருக்கு உடல்நிலை மோசமானதாகவும் சொன்னார். கழுத்தில் முட்டி வைத்ததைச் சொல்லவில்லை. சார்ஜென்ட் இடத்துக்கு வந்தார். சாட்சிகள் யாராவது இருந்தால் பேசிப் பாருங்கள் என்றார். முயற்சி பண்ணலாம், எல்லாரும் கொதிச்சுப் போய் நிற்கிறாங்க என்ற ரீதியில் பதில் வந்தது. பிறகு மருத்துவமனையில்தான் கழுத்து விஷயம் அவர் காதுக்கு வந்தது. எவ்வளவு நேரம் என்பது அப்போதும் வரவில்லை.

அன்றிரவு போலீஸ் துறை வெளியிட்ட முதல் செய்திக்குறிப்பின் தலைப்பு: போலீஸாருடனான சந்திப்பின்போது மருத்துவப் பிரச்சினையால் ஒருவர் மரணம். முட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நடைபாதையில் நின்ற ஒரு பள்ளி மாணவியின் செல்போன் வீடியோ மட்டும் இல்லாவிட்டால், இந்தக் குறிப்பே வரலாறாகியிருக்கும்.

இந்த இடத்தில் சார்ஜென்ட்டைத் திட்டுவது சுலபம். நான் திட்டப் போவதில்லை. 2021 ஏப்ரல் 1-ஆம் தேதி ஷாவின் மீதான கொலை வழக்கில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். எப்போது பிடியை விட்டிருக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டது. ஃப்ளாய்ட் எதிர்ப்புக் காட்டுவதை நிறுத்தியபோதே விட்டிருக்கலாம் என்று நேரடியாகச் சொன்னார். ஒரு போலீஸ்காரர், தன் கீழ் வேலை பார்த்த இன்னொரு போலீஸ்காரருக்கு எதிராக, டி.வி. நேரலையில், அவர் முகத்துக்கு முன்னால் சொன்னது இது. எது சரி எது தப்பு என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. குறை அவர் அறிவில் இல்லை. அவர் வேலை எப்போது தொடங்குகிறது என்று துறை போட்டிருந்த கோட்டில் இருந்தது குறை.

அந்தக் கோடு இதுதான். எவ்வளவு பலம் பிரயோகித்தால் சார்ஜென்ட்டைக் கூப்பிட வேண்டும் என்று விதி சொல்கிறது. கூப்பிட்டால் அவர் வருவார், விசாரிப்பார், படிவம் நிரப்புவார். அதற்குக் குறைவாக இருந்தால் அது கணக்கில் வராது. கூப்பிட வேண்டுமா என்று முடிவெடுப்பவர் யார்? பலம் பிரயோகித்த அதே ஆள். ஆக சார்ஜென்ட் என்பவர், கீழே இருப்பவர் கூப்பிட்டால் வருகிறவர், அவர் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொள்கிறவர். தீயணைப்பு வண்டி மாதிரி. வீடு எரிந்த பிறகு வருவார், அதுவும் எரிய வைத்தவர் போன் போட்டால்.

ஸ்கர்ரியின் போன் இந்த ஏற்பாட்டைத் தற்செயலாகத் தாண்டி வந்தது. சம்பந்தமே இல்லாத, பதவியில் போலீஸே இல்லாத ஒரு பெண், தன்னைக் கோள் சொல்பவள் என்று நினைப்பார்களோ என்று தயங்கித் தயங்கிச் சொன்ன தகவல். அந்தப் போனாலும் உயிர் பிழைத்திருக்காது, நேரம் கடந்துவிட்டது. ஆனால் ஒரு மேற்பார்வையாளருக்கு வரக்கூடிய தகவல்களிலேயே மிக உயர்ந்த ரகம் அது: சம்பவத்தில் இல்லாத ஒருவர், நேரில் பார்த்து, நடக்கும்போதே சொல்வது. அதைக் கேட்டதும் சார்ஜென்ட்டின் மூளை முதலில் தேடியது வகைப்பாட்டை. இது கணக்கில் வருமா, வராதா? வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் தேடியிருப்பார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்படுகிற பயிற்சியின் மையமே அந்த வகைப்பாடுதான்.

அமெரிக்க நகரங்களில் பொதுவாக சார்ஜென்ட் எப்படி உருவாகிறார் என்று பார்த்தால் இது விளங்கும். எழுத்துத் தேர்வு உண்டு. சட்டம், துறை விதிகள், நடைமுறை, எல்லாம் மனப்பாடம். அப்புறம் ஒரு வாய்மொழித் தேர்வு. தேறினால் பட்டியலில் பெயர். காலியிடம் வந்ததும் தோளில் பட்டை. சில நாட்கள் அல்லது ஓரிரு வாரப் பயிற்சி, பல துறைகளில் அதுவும் பதவி ஏற்று மாதங்கள் ஆன பிறகுதான். அந்தப் பயிற்சியிலும் பெரும்பகுதி படிவங்கள், ஷிப்ட் அட்டவணை, ஒழுங்கு நடவடிக்கைக்கான நடைமுறை. நேற்று வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒன்றாகக் காபி குடித்தவரிடம், “நீ பண்ணினது தப்பு” என்று எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் பாடம் இருக்காது. அதுதான் அந்த வேலையின் முக்கால் பங்கு.

மினியாபொலிஸில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆஃபீஸர், சார்ஜென்ட், லெப்டினன்ட், எல்லோரும் ஒரே சங்கம். 2020-ல் அந்தச் சங்கத்தின் தலைவர் பாப் க்ரோல், ஒரு லெப்டினன்ட். கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் ஒரே சந்தா கட்டுகிறார்கள். 2019-ல் மேயர் ஜேக்கப் ஃப்ரை, போலீஸ்காரரை எந்நேரமும் போர்க்களத்தில் நிற்கும் வீரராக நினைக்கப் பழக்கும் பயிற்சி வகுப்புகளுக்குத் தடை போட்டார். உடனே சங்கம், வேண்டியவர்களுக்கு அதை நாங்களே இலவசமாக ஏற்பாடு செய்கிறோம் என்று அறிவித்தது. ஒரு சார்ஜென்ட்டாக உங்களை அங்கே வைத்துப் பாருங்கள். மேலே இருக்கிற மேயர் ஒன்று சொல்கிறார், உங்கள் வேலைக்குப் பாதுகாப்பு தருகிற சங்கம் நேரெதிராகச் சொல்கிறது. இந்த இழுபறியில் யார் பக்கம் சாய்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

உண்மையில் மேற்பார்வை தோற்றது 2020 மே மாதத்தில் இல்லை. அதற்கு மூன்று ஆண்டு முன்பே தோற்றுவிட்டது. 2017 செப்டம்பரில் ஷாவின் ஒரு 14 வயதுச் சிறுவனை டார்ச்சால் தலையில் அடித்து, தரையில் குப்புறக் கிடத்தி, 15 நிமிடத்துக்கு மேல் முட்டியால் அழுத்தி வைத்திருந்தார். அதே ஆண்டு ஜூனில் ஒரு பெண்ணின் கழுத்தில் முட்டி. இரண்டும் பாடி கேமராவில் பதிவாகியிருந்தன. அந்தப் பதிவுகள் துறையிடமே இருந்தன. 2021 டிசம்பரில் ஷாவின் மத்திய நீதிமன்றத்தில் சிறுவன் வழக்கிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2023 ஏப்ரலில் இந்த இரண்டு பேருக்கும் சேர்த்து நகராட்சி சுமார் 89 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது. ஃப்ளாய்ட் குடும்பத்துக்கு ஏற்கெனவே 2 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்தாயிற்று.

பலப்பிரயோகம் நடந்தால் மேலே உள்ளவர் பரிசீலிக்க வேண்டும் என்பது விதி. பரிசீலனை என்றால் என்ன என்பதுதான் கேள்வி. சம்பந்தப்பட்டவர் எழுதிய அறிக்கையைப் படித்துக் கையெழுத்துப் போடுவதும் பரிசீலனை. வீடியோவை முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை உட்கார்ந்து பார்ப்பதும் பரிசீலனை. முதலாவதுக்கு ஐந்து நிமிடம் போதும், இரண்டாவதுக்கு அரை மணி நேரமாவது வேண்டும். ஷிப்டில் பத்துப் படிவம் காத்திருந்தால் எது நடக்கும் என்று யாருக்கும் தெரியும். இதற்குப் பிறகும் ஷாவின் கள பயிற்சி அதிகாரியாகத் தொடர்ந்தார் என்பதுதான் இந்த வழக்கின் இதயம். அவர் மீது வந்த 18 புகார்களில் இரண்டில்தான் கண்டிப்புக் கடிதம் வரை போனது. அப்படிப்பட்டவரிடம் துறை தன் புது ஆட்களை ஒப்படைத்து, எங்களுக்கு அடுத்த தலைமுறையை நீ செய்து கொடு என்றது.

மாநில மனித உரிமைத் துறை 2022 ஏப்ரலிலும், மத்திய நீதித்துறை 2023 ஜூனிலும் தங்கள் ஆய்வு முடிவுகளை வெளியிட்டன. கழுத்துப் பிடி ஒரு ஷாவினோடு நிற்கவில்லை என்று அதில் தெரிந்தது: 2016 ஜனவரி முதல் 2022 ஆகஸ்ட் வரை 198 சம்பவங்களில் கழுத்துப் பிடி. அதில் 44-ல் கைதே நடக்கவில்லை. பயிற்சி, மேற்பார்வை, பொறுப்புக்கூறல் மூன்றிலும் ஓட்டை என்று இரு அறிக்கைகளும் சொல்லின. 2023-ல் மாநிலத்துடன் 144 பக்க ஒப்பந்தம் கையெழுத்தாகி நீதிமன்ற ஒப்புதலும் பெற்றது. மத்திய அரசுடனான ஒப்பந்தம் 2025 ஜனவரியில் எட்டப்பட்டு, அதே ஆண்டு மே மாதம் ஆட்சி மாற்றத்தோடு கைவிடப்பட்டது. மாநில ஒப்பந்தம் நிற்கிறது. இதற்கிடையில் 900-ஐ ஒட்டி இருந்த போலீஸ் பலம் 600-க்கும் கீழே போய்விட்டது. ஆள் குறைந்தால் அனுபவம் குறையும், அனுபவம் குறைந்தால் இளசுகளைச் சீக்கிரமே சார்ஜென்ட் ஆக்க வேண்டிவரும். சீர்திருத்தம் எப்போதும் இந்த மாதிரி நேரத்தில்தான் வந்து சேர்கிறது.

இனி, என்ன செய்தால் சரியாகும்? ஆளைக் கூட்டு என்பது முதலில் தோன்றும் பதில். கலிபோர்னியாவின் ஓக்லண்டில் 2000-ல் ஒரு போலீஸ் கும்பலின் அட்டூழியம் வெளிவந்தபின், 2003 ஒப்பந்தத்தில் ஒரு சார்ஜென்ட்டுக்கு எட்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று எண்ணிக்கையே போட்டார்கள். நல்ல விதி. எட்டு பேரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம், பதினைந்து பேரை எண்ண மட்டும்தான் முடியும். ஆனால் ஓக்லண்ட் அதற்குப் பிறகு இருபது ஆண்டுக்கு மேலாகியும் நீதிமன்றக் கண்காணிப்பிலிருந்து முழுசாக வெளியே வரவில்லை. எட்டு பேரோடு என்ன பேசுவது என்று தெரியாத சார்ஜென்ட்டுக்கு எட்டானால் என்ன, நாலானால் என்ன.

அடுத்த பதில்: சார்ஜென்ட்டை நாற்காலியிலிருந்து எழுப்பித் தெருவுக்கு அனுப்பு. இதில் ஒரு வலை இருக்கிறது. 1990-களில் இண்டியானாபொலிஸிலும் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கிலும் ஆய்வாளர்கள் மேற்பார்வையாளர்களோடு காரில் சுற்றி அவர்கள் வேலை செய்யும் விதத்தை நான்காகப் பிரித்தார்கள். விதிப்படி நடப்பவர், புதுமை விரும்பி, ஆட்களுக்கு அரணாக நிற்பவர், தானே களத்தில் இறங்குபவர். கீழே உள்ளவர்கள் நடத்தையை அதிகம் மாற்றியவர் கடைசி ரகம்தான். அவர் ஆட்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள். கூடவே, அவர்கள்தான் அதிகம் பலத்தையும் பிரயோகித்தார்கள். காரணம் ரகசியம் ஒன்றுமில்லை, அந்த மேற்பார்வையாளர்களே அதிகம் பலம் பிரயோகிக்கிறவர்கள். முன்னால் போகிறவர் எப்படியோ பின்னால் போகிறவரும் அப்படி.

இதற்கு நாம் அமெரிக்கா போக வேண்டாம். ஃப்ளாய்ட் இறந்து ஒரு மாதம்கூட ஆகாத ஜூன் 19-ஆம் தேதி சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கைதாகி, சில நாட்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் நிலையத்தின் இன்ஸ்பெக்டரும் இரண்டு எஸ்.ஐ.களும் இருந்தார்கள். மினியாபொலிஸில் மேற்பார்வையாளர் வரத் தாமதமானார். சாத்தான்குளத்தில் மேற்பார்வையாளர்கள் உள்ளேயே இருந்ததாகத்தான் குற்றச்சாட்டு. அங்கே அன்றிரவு பணியில் இருந்து, பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் ஒரு பெண் தலைமைக் காவலர். இரண்டு ஊரிலும் வாயைத் திறந்தது பட்டை குறைவாக இருந்தவர்கள் என்பதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. எனவே ‘களத்தில் இருக்கும் சார்ஜென்ட்’ என்பது தன்னளவில் தீர்வு ஆகாது. களத்துக்குப் போய் என்ன செய்கிறார் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

என்னை நம்ப வைத்தது சியாட்டிலில் நடந்த ஒரு சின்ன முயற்சி. 2018-ல் முடிவுகள் வெளியாயின. சிக்கலான இடங்களில் அடிக்கடி வேலை பார்க்கிற ரோந்துக்காரர்களைக் கணினி மூலம் கண்டறிந்து, அவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். அவர்களோடு மேற்பார்வையாளர் உட்கார்ந்து, அவர்கள் போன ஒரு சம்பவத்தைப் பற்றிச் சிறிது நேரம் பேசினார். இது ஒழுங்கு நடவடிக்கை இல்லை, அந்தச் சம்பவத்தில் தப்பு நடந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. போகும்போது என்ன நினைத்தீர்கள், அங்கே என்ன பார்த்தீர்கள், எந்த இடத்தில் முடிவு எடுத்தீர்கள், வேறு வழி இருந்ததா? அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பது, மரியாதையாக நடத்துவது, உன்னை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று விளக்குவது. பொதுமக்களிடம் போலீஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ, அப்படி மேற்பார்வையாளர் போலீஸிடம் நடந்து காட்டினார். பிந்தைய வாரங்களில், அப்படிப் பேசப்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகக் கைது செய்தார்கள், குறைவாகப் பலம் பிரயோகித்தார்கள். வேலையைத் தட்டிக்கழிக்கவும் இல்லை.

ஏன் வேலை செய்தது? எனக்குப் படுவது இதுதான். அந்த உரையாடலில் மேற்பார்வையாளர் ‘கணக்கில் வராத’ சம்பவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். யாரும் புகார் கொடுக்காத, படிவம் இல்லாத, சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை அழைப்பு. அதில்தான் பழக்கம் உருவாகிறது. முரட்டுப் பிடி ஒருநாளில் பிறப்பதில்லை. நூறு சின்னப் பிடிகளை யாரும் கேட்காமல் விட்டதில் வளர்கிறது. சார்ஜென்ட் அதைப் பற்றிப் பேசினால், ரோந்துக்காரர் அடுத்த முறை கையை நீட்டும் முன் அரை நொடி யோசிப்பார். போலீஸ் வேலையில் அரை நொடி பெரிய காலம்.

இப்படிப் பேசக் கற்றுக்கொடுப்பது வகுப்பறை விஷயமில்லை. புது சார்ஜென்ட்டுக்கு ஒரு மூத்த சார்ஜென்ட்டைச் சில வாரம் கூடவே போட வேண்டும். புது ஆஃபீஸருக்குக் கள பயிற்சி இருக்கிறது, 1970-களில் சான் ஹோசேவில் உருவான முறை அது. சார்ஜென்ட்டுக்கு மட்டும் அப்படி ஒன்று பல ஊர்களில் இல்லை, இருந்தாலும் ஒப்புக்கு. பதவி உயரும்போது வேலையே மாறுகிறது என்று யாரும் நினைக்காததுதான் காரணம். நன்றாக வண்டி ஓட்டினால் டிப்போ மேனேஜராகிவிடலாம் என்கிற மாதிரி.

அப்புறம், கள பயிற்சி அதிகாரியைத் தேர்வு செய்யும் கையெழுத்து. என் கணக்கில் ஒரு சார்ஜென்ட் போடும் கையெழுத்துகளிலேயே மிகக் கனமானது அதுதான். சில துறைகளில் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதே பாடு, விருப்பம் கேட்டுக் கைதூக்குகிறவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கை தூக்கியவரின் கடந்த மூன்று ஆண்டு வீடியோவில் ஒரு மணி நேரமாவது பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்று ஒரு விதி போட்டால் செலவு அதிகமாகாது.

தகவல் வருகிற வழியும் மாற வேண்டும். ஸ்கர்ரி மாதிரி ஒருவர் தயங்கித் தயங்கி, தன்னையே கேலி செய்துகொண்டு கூப்பிட வேண்டிய நிலை இருக்கக் கூடாது. கட்டுப்பாட்டு அறை நேரடியாக சார்ஜென்ட்டைச் சம்பவ இடத்துக்கு அனுப்பலாம், கேள்வி கேட்கக் கூடாது என்று எழுதிவிட்டால் கோள் சொல்கிறோமோ என்ற கூச்சமே எழாது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் போலீஸ் இல்லையே என்பார்கள். அதனால்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

பயிற்சி வகுப்பை எங்கே தொடங்குவது என்று என்னைக் கேட்டால், 2020 வீடியோவில் தொடங்க மாட்டேன். அதை எல்லாரும் பார்த்தாயிற்று, எல்லாருக்கும் பதில் தெரியும். 2017 செப்டம்பர் வீடியோவைப் போடுவேன். புதிதாகப் பட்டை வாங்கிய இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். சத்தத்தைக் குறைக்காமல், எங்கேயும் நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். அழுகை கேட்கும். அம்மாவின் குரல் கேட்கும். ஐந்தாவது நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து யாராவது, “சரி சார், புரிஞ்சுது, போதும்” என்பார். நிறுத்தக் கூடாது. பதினைந்து நிமிடமும் ஓடி முடியட்டும். அதன் பிறகு, மேற்பார்வையாளர் கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருக்கிற பரிசீலனைப் படிவத்தை ஆளுக்கொன்று கொடுத்து, பேனாவையும் கொடுத்துவிட்டு, வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம்.